கோடித்துணி கட்டிய ஊர்

தர்மனுக்குக் கந்தன்மேல் ஒரு மனத்தாங்கல் இருந்தது. ஒரு வருஷம் இரண்டு வருஷம் இல்லை, ஏழு வருஷம். சட்டைப் பையில் பீடிக்கட்டு கிடப்பது மாதிரி அது கூடவே கிடந்தது. வேலை செய்தது தன் கை. மாலை விழுந்தது கந்தன் கழுத்தில். போகட்டும். "தர்மனாலதான் ஆச்சு" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் அல்லவா? வாய் ஓயாமல் பேசுகிற மனுஷனுக்கு அந்த ஒரு வார்த்தைக்கா பஞ்சம்?

தர்மன் ஐயம்பேட்டைப் பக்கம் இருந்த டூரிங் கொட்டகையில் ஆபரேட்டர். பெட்டியில் என்ன வந்ததோ அதை வந்தபடி ஓட்டுகிறவன். முசுடு என்று ஊரே சொல்லும். கந்தன் பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரன். பகலெல்லாம் தறிக்குழியில் கால், சாயங்காலமானால் கொட்டகையில் வாய். இங்கிலீஷ் படம் வந்தால் மைக்கைப் பிடித்துக்கொண்டு கதை சொல்வது அவன் வேலை. இங்கிலீஷில் அவனுக்கு ஓர் எழுத்து தெரியாது.

அந்த வேலை அவனுக்கு வந்ததே தனிக்கதை. ஒருநாள் ஏதோ இங்கிலீஷ் படம். ஒன்றும் புரியாமல் பாதி ஜனம் எழுந்து போகப் பார்த்தது. மணலில் உட்கார்ந்திருந்த கந்தன் எழுந்து, "போவாதீங்கடா! அந்தத் தொப்பிக்காரன் இருக்கானே, அவன்தான்டா தம்பிய வித்தவன்!" என்று கத்தினான். போனவர்கள் எல்லாரும் திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டார்கள். அந்தத் தொப்பிக்காரன் தம்பியை விற்றானோ இல்லையோ, கொட்டகை முதலாளி தணிகாசலம் மறுநாளே கந்தன் கையில் மைக்கைக் கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து அந்த மைக்தான் அவனுக்கு உசிர். அதைத் தினமும் துண்டால் துடைத்து விபூதி வைப்பான்.

அறுபதுகள் முடிந்து எழுபத்தொன்று என்று நினைவு. அமாவாசைக்கு முதல் நாள் ஒரு படம் வந்தது. இனிமேல் வரப்போகிற காலத்தைப் பற்றிய படமாம். பெரிய மதில் போட்ட ஓர் ஊர். சுவருக்குச் சுவர் ஒலிபெருக்கி. அது சொன்னால் எழுந்திருக்க வேண்டும், சொன்னால் படுக்க வேண்டும். யாரும் சிரிக்க மாட்டார்கள். சாப்பாட்டுக்கு ஒரு மாத்திரை. ஆண், பெண், கிழம், குஞ்சு எல்லாருக்கும் ஒரே வெள்ளைத்துணி. ஒருத்தன் மட்டும் 'ஏன்?' என்று கேட்கிறான். அவனையும் பிடித்து, மொட்டை போட்டு, அதே துணியைக் கட்டி, வரிசையில் உட்காரவைத்துவிடுகிறார்கள். அவ்வளவுதான் படம்.

தறிக்காரர்களுக்குத் துணியைக் கண்டால் கண் முதலில் கரைமேல்தான் போகும். கந்தன் இன்னும் வாயே திறக்கவில்லை. பெண்கள் பக்கத்திலிருந்து அவன் பெண்டாட்டி கமலவேணி முந்திக்கொண்டாள்.

"இன்னாய்யா இது! ஒருத்தர் துணியிலயும் கரையே காணோம்? எல்லாரும் கோடி கட்டிக்கினு நிக்கிறாங்க!"

கோடி என்றால் செத்தவர்மேல் போர்த்துகிற புதுத்துணி. கரை இருக்காது. அந்தச் சொல் விழுந்ததும் ஒருத்தி, "அடிப்பாவி, சாவு ஊட்ல உக்காந்துக்கினு முறுக்கு தின்னுக்கினு இருக்குறேனே!" என்று வாயில் இருந்ததைத் துப்பினாள். தலையிலிருந்த பூவைச் சிலர் எடுத்துவிட்டார்கள். மாகறலிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்த ஒரு பெரியவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு எழுந்தே நின்றுவிட்டார். கந்தன் என்னென்னவோ சொல்லிப் பார்த்தான். அழுகைச் சத்தத்தில் மைக்கே எடுபடவில்லை.

படம் முடிந்ததும் வேடிக்கை. சாவு வீட்டுக்குப் போய் வந்தால் குளிக்காமல் வீட்டுக்குள் போகக்கூடாது அல்லவா? பிள்ளையார்பாளையம் முழுக்க வாசலில் நின்று தலைக்கு ஊற்றிக்கொண்டது. கிணற்றில் வாளி ஓயவில்லை. கமலவேணி கந்தனைத் தெருவிலேயே நிறுத்தி மூன்று குடம் ஊற்றினாள். "மைக்குல வேற பேசிட்டு வந்துருக்குற, உனக்கு ரெண்டு குடம் பத்தாது!" தர்மன் படத்தை ஓட்டினானே தவிரப் பார்க்கக்கூட இல்லை. அவனையும் அவன் பெண்டாட்டி அம்சா விடவில்லை. விடிந்ததும் அவனுக்குத் தும்மல்.

மறுநாள் அமாவாசை. தறி நிற்கிற நாள், ஊரே கொட்டகைக்கு வருகிற நாள். டீக்கடையில் தணிகாசலம் கந்தனைப் பிடித்துக்கொண்டார்.

"அமாவாசயும் அதுவுமா எவன்யா எழவு ஊட்டுக்கு டிக்கெட் வாங்குவான்? இன்னிக்கும் ஜனம் அழுதுக்கினு போச்சுன்னா இங்கிலீஷ் படமே வேணாம். மைக்கைக் கழட்டிடுவேன், சொல்லிட்டேன்!"

கந்தன் முகம் செத்துப்போயிற்று. ஐந்து மணிக்கு ஆபரேட்டர் அறைக்கு ஓடி வந்தான்.

"தர்மா, படம் ஆரம்பிக்கும்போது, 'ஏன்'னு கேட்டானே, அவனும் அவன் பொண்டாட்டியும் தோட்டத்துல நிப்பாங்களே, மதில் கட்டுறதுக்கு மின்ன?"

"முதல் ரீலு. அதுக்கு இன்னா?"

"அந்தப் பொண்ணு கட்டம் போட்ட துணி கட்டியிருக்குது. கீழ சுத்தி இந்த அகலத்துக்குக் கரை. நான் நல்லாப் பார்த்தேன். அதைக் கொண்டாந்து கடைசியில ஓட்டுபா."

"பெட்டி மேல நம்பர் போட்டிருக்குது, கந்தா. உன் வாய்க்குத்தான் நம்பர் கிடையாது. போ."

"முந்தானை நெய்யாம தறியிலேந்து சேலையை அறுப்பானா எவனாவது? இந்தப் படத்தை எடுத்தவன் அறுத்துட்டான்பா! முந்தானை பெட்டியில சும்மா கிடக்குது."

தர்மன் பதில் சொல்ல வாயைத் திறந்தான். தும்மல்தான் வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. காலையில் அம்சா சொன்னது ஞாபகம் வந்தது: 'இன்னிக்கும் அந்தப் படம்தான்னா சோறும் படுக்கையும் கொட்டகையிலேயே வச்சுக்கோ.' அவன் மூக்கைத் துடைத்துக்கொண்டான். பதினாறு வருஷத்தில் ஒரு ரீலைக்கூட மாற்றி ஓட்டாதவன். முதல் பெட்டியை எடுத்து, கடைசிப் பெட்டிக்குக் கீழே வைத்தான்.

"போய்த் தொலை," என்றான்.

அன்றைக்குக் கந்தன் பேசியதைத்தான் பேச்சு என்று சொல்ல வேண்டும். எடுத்த எடுப்பில், "யாரும் அழுவாதீங்க! இது சாவு ஊடு இல்ல. இந்த ஊரு ராசா கரையைத் தடை பண்ணிட்டான். கரை நெய்யிறவனைப் புடிச்சு உள்ள போடுறான்!" என்றான்.

அழ வந்த கூட்டத்துக்குக் கோபம் வந்துவிட்டது. "கரை போட்டா உனக்கு இன்னாடா!" என்று ஒருத்தன் மணலை அள்ளித் திரைமேல் எறிந்தான். ஒலிபெருக்கி வரும்போதெல்லாம் ஊளை. மாத்திரையை முழுங்கும்போது, "ஐயோ, இட்லிகூட இல்லியாம்மா? கோயில் இட்லி ரெண்டு பார்சல் அனுப்புங்கபா!" என்று ஒரு குரல். கமலவேணி எழுந்து நின்று காவல்காரனை வாய்க்கு வந்தபடி ஏசினாள். முறுக்குக்காரனுக்குக் கூடை காலி.

கடைசியில் அவனை மொட்டை அடித்து வரிசையில் உட்காரவைத்தார்கள். ரீல் தீர்ந்து திரை வெளுத்தது. உள்ளே தர்மன் முதல் ரீலை மாட்டினான். எழுத்து ஓடுகிற பகுதியைச் சுற்றித் தள்ளினான். வெளியே கந்தன் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தான்: "கண்ணை மூடுறான்... தெறக்குறான்... மதில் விழுது, காது குடுத்துக் கேளுங்க... கதவு தெறக்குது..."

தோட்டம் வந்தது. காற்றில் அந்தப் பெண்ணின் பாவாடை விரிந்தது.

"கரை!" என்று அலறினாள் கமலவேணி. "கரையைப் பாருடி!"

மொத்தக் கொட்டகையும் எழுந்துவிட்டது. விசில், கைதட்டல். பெண்கள் பக்கத்திலிருந்து பூ பறந்தது. இளங்கோவன் என்று ஒரு பட்டறைக்காரர், விவரமானவர், "கந்தா, நேத்து இது மொதல்ல வந்துதே!" என்றார். "மொட்டைக்கு அதுக்குள்ள எப்படிப்பா முடி வளந்துது?"

"நேத்து பெட்டி மாறிப்போச்சுண்ணா!" என்றான் கந்தன் மைக்கிலேயே. "முடி இன்னாண்ணா முடி, சந்தோசம் வந்தா மொளைக்காதா?"

சிரிப்பில் கீற்றே அதிர்ந்தது. அன்று யாரும் குளிக்கவில்லை. படம் மேலும் நான்கு நாள் ஓடியது. மைக் கந்தனிடமே இருந்தது. தெருக்காரர்கள் அவனுக்கு மாலை போட்டு, அரக்குக் கரை வேட்டி ஒன்று கொடுத்தார்கள். தர்மன் ஓரமாக நின்று பீடி பிடித்தான். கந்தன் எல்லாரையும் கும்பிட்டான், முறுக்குக்காரனைக்கூடப் புகழ்ந்தான். தர்மன் பேரை எடுக்கவில்லை. மனத்தாங்கல் அன்று பிறந்தது.

ஏழு வருஷம் கழித்துக் கந்தனுக்குத் தொண்டையில் புற்று வந்தது. குரல் போய்க் காற்றுதான் வந்தது. ஒரு சாயங்காலம் தர்மன் நான்கு சாத்துக்குடியோடு போனான். கந்தன் வீட்டில் சிரிப்புக்குக் குறைவில்லை. கமலவேணி அவன் உதட்டைப் பார்த்து, வந்தவர்களுக்கு உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். மைக் இப்போது அவளிடம். அவள் காப்பி வைக்க உள்ளே போனதும் தர்மன் கேட்டேவிட்டான்.

"ஏன்டா, அன்னிக்கு என் பேரை ஏன்டா சொல்லல?"

கந்தன் அவனைக் கிட்டே வரச்சொல்லிக் கையைக் காட்டினான்.

"அன்னிக்குப் படம் ஓடுறப்ப நாற்காலியில வெள்ளைச் சட்டை போட்டுக்கினு ஒருத்தன் உக்காந்திருந்தான். படக் கம்பெனி ஆளு. நீ உள்ள இருந்த, உனக்குத் தெரியாது. ரீலை மாத்தினது எவன்னு என்னைக் கேட்டான். மின்ன ஓடின ஊர்லேந்தே பெட்டி அப்படித்தான் வந்துதுன்னேன். உன் பேரைச் சொல்லியிருந்தா உன் லைசென்ஸைக் கிழிச்சிருப்பான்பா."

தர்மனுக்கு ஏழு வருஷம் சுமந்ததை எங்கே இறக்கி வைப்பது என்று தெரியவில்லை. ஒரு சாத்துக்குடியை எடுத்து உரித்தான்.

"அதை அப்பவே என்கிட்ட சொல்றதுக்கு இன்னாடா?"

"சொன்னா நீ போய் அவன்கிட்டயே சண்டை போடுவ." கந்தன் தோள் குலுங்கச் சிரித்தான்; சத்தம்தான் இல்லை. பிறகு துணிப்பெட்டியைத் திறந்து காட்டினான். அதில் அந்த அரக்குக் கரை வேட்டி மடிப்புக் கலையாமல் இருந்தது.

"எனக்குக் கோடி போடுறப்ப அதைப் போடு தர்மா. வெறும் வெள்ளை வேணாம், அந்தப் படத்துல இருக்குறவன் மாதிரி நான் போவ மாட்டேன். என் மச்சானுங்க வழக்கம், மொறைன்னு குதிப்பானுங்க. கமலம் அழுதுக்கினு இருப்பா, அவளால ஆவாது. ஊர்லயே பெரிய முசுடு நீதான். நீதான் நின்னு சண்டை போடணும்."