எந்த மலையில் கொழுந்து

சுபாஜினிக்கு மறதி கிடையாது. ஹாலிஎலப் பக்கம் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவள், பதுளையில் ஒரு சிறுகடன் நிறுவனத்தில் கள உத்தியோகத்தராகி ஆறு வருடம். அந்தக் கிளையில் நல்ல வழக்கம் ஒன்று இருந்தது. யார் புதிதாக எதைச் சொன்னாலும் மூன்று மாதம் செய்து பார்க்கலாம். சரிவராவிட்டால் ஏச்சு இல்லை. சரிவந்தால் சுவர்ப் பலகையில் யோசனையும் சொன்னவர் பெயரும் ஏறும்.

அதை நம்பித்தான் அவள் வாய் திறந்தாள். மடுல்சீமைத் தோட்டத்துப் பெண்கள் காலைப் பத்து மணிக் கடன் தவணைக் கூட்டத்துக்கு வந்தால் அரைநாள் சம்பளம் போய்விடும். கூட்டத்தை மலைக்கே கொண்டுபோனால் என்ன? மத்தியானம் கொழுந்து நிறுத்து முடிந்ததும் கால்மணி நேரம் போதும். மூன்று மாதத்தில் ஒருத்திகூடத் தவறவில்லை.

பலகையில் பெயர் ஏறியது: முகாமையாளர் ரமேஸ்.

"யாரு பேரா இருந்தா என்ன சுபா, எல்லாம் ஒரே குடும்பந்தானே" என்று அவர் சிரித்தார். அவளும் சிரித்து வைத்தாள்.

நான்கு மாதம் கழித்துத் தலைமை அலுவலகத்திலிருந்து றிப்கா மேடம் மலைக் கூட்டத்தைப் பார்க்க வந்தார். சுபாஜினியும் மேடமும் பின்சீட்டில் இருக்க, ரமேஸ் முன்சீட்டில் வழிநெடுகப் பேசினார். போன வாரம் கூட்டம் நடந்த ஏழாம் நம்பர் மலைக்கு வண்டியை விடச் சொன்னார். அங்கே ஆளே இல்லை.

எந்த மலையில் கொழுந்து என்பதைக் காலைப் பெரட்டில், ஆள் பிரிக்கும்போதுதான் சொல்வார்கள். உடனே குழுத்தலைவி வேலாயி சுபாஜினிக்குப் போன் செய்வாள். இதைச் சுபாஜினி எந்த அறிக்கையிலும் எழுதியதில்லை. ரமேஸ் கேட்டதுமில்லை.

"எங்க சுபா எல்லாரும்?"

"உங்க யோசனைதானே சேர். உங்களுக்குத் தெரியாததா?"

தலைவியைக் கூப்பிடுங்கள் என்றார் றிப்கா. ரமேஸிடம் நம்பர் இல்லை. றிப்கா சுபாஜினி பக்கம் திரும்பினார்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"காலைல ஆறு மணிக்கே தெரியுங்க மேடம்."

எதிர்மலையில் பெண்கள் சாக்குகளோடு நின்றிருந்தார்கள். கால்மணி எப்போதோ கடந்து, கங்காணி ஏசிக்கொண்டிருந்தார். வேலாயியிடம் மட்டும் சுபாஜினி மன்னிப்புக் கேட்டாள். வேறு எதற்கும் அவள் வருந்தவில்லை.

திங்கட்கிழமை, றிப்காவின் உத்தரவுப்படி, கிளை முழுவதும் பார்த்திருக்க ரமேஸ் தன் பெயரை அழித்து அவள் பெயரை எழுதினார். பேனாவை மூடினார்.

"இனிஷியல் விட்டுட்டீங்க சேர்."

அவர் மறுபடி மூடியைக் கழற்றும்வரை அவள் எழுந்து நின்றபடியே இருந்தாள்.