இருக்கைக்கு அடியில் ஒரு சுவிட்ச்

மலிவாக வாங்குவதில் எனக்கு ஒரு திமிர் உண்டு. கோயம்புத்தூரில் பம்ப் செய்யும் கம்பெனி ஒன்றில் ஒன்பது வருடம் பர்ச்சேஸ் பிரிவில் இருந்தவன் நான். மூன்று கொட்டேஷன் வாங்காமல் எதற்கும் கையெழுத்துப் போட்டதில்லை. ஆக்லாந்துக்கு வந்து, விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கிடங்கில் ஸ்டாக் பார்க்கும் வேலையில் சேர்ந்த பிறகும் அந்தப் புத்தி போகவில்லை. சூப்பர்மார்க்கெட்டில் தக்காளி டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். என் மனைவி இரண்டடி தள்ளி, யாரோ எவரோ போல நிற்பாள்.

நான் அண்ணன் என்று கூப்பிடுகிறவரைச் சந்தித்ததும் இந்தத் திமிரால்தான். புல்வெட்டும் மெஷின்களுக்கு உதிரிபாகம் விற்கிற கடை அது. ஒரு ஸ்பார்க் பிளக் வாங்கப் போயிருந்தேன். எனக்கு முன்னால் நின்றவர் ஒரு பெல்ட்டின் விலையைக் கேட்டுவிட்டு, "ஐயோ கடவுளே" என்று தமிழில் முணுமுணுத்தார். என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

"அண்ணே, வாங்காதீங்க. நம்பரை மட்டும் எழுதிக்கிட்டு வாங்க," என்றேன்.

அவர் திரும்பிப் பார்த்தார். "தமிழோ தம்பி?"

"ஆமா."

"உமக்கு இதுகளைப் பற்றித் தெரியுமோ?"

தெரியாது. ஆனால் தெரியாத பொருளை மலிவாக வாங்குவதுதானே என் தொழிலாக இருந்தது. அரை மணி நேரத்தில் வாகன நிறுத்தத்தில் நின்றபடியே, அதே பெல்ட்டை வேறு ஒருவர் தயாரித்து மூன்றில் ஒரு பங்கு விலைக்கு விற்பதை போனில் கண்டுபிடித்துக் காட்டினேன். அவர் வாயைப் பிளந்தார். அன்றிலிருந்து எங்களுக்குள் ஒரு பந்தம். அவர் 'நீர்' என்பதை விட்டு 'நீ' என்று பேச ஆரம்பிக்க ஒரு மாதம்கூட ஆகவில்லை.

அவர் யாழ்ப்பாணத்துக்காரர். ஐம்பத்தைந்து வயதிருக்கும். இங்கே வேலை பார்த்த தொழிற்சாலை மூடப்பட்டதும் ஒரு ட்ரெய்லரும், உட்கார்ந்து ஓட்டுகிற பழைய புல்வெட்டி ஒன்றும் வாங்கித் தொழிலுக்கு இறங்கியவர். அந்த வண்டியை இங்கே எல்லோரும் ரைட்-ஆன் என்பார்கள். சின்ன டிராக்டர் மாதிரி இருக்கும். வயிற்றுக்கு அடியில் அகலமான தகரப் பெட்டி, அதற்குள் சுழலும் பிளேடுகள். ஆக்லாந்தின் தெற்கே நிறைய வீடுகளுக்கு அவர் வெட்டினார் என்றாலும், குடும்பம் ஓடியது ஒரே ஒரு ஒப்பந்தத்தில்தான். ஒரு முதியோர் குடியிருப்பின் புல்தரை முழுவதும் அவர் பொறுப்பு. பெரிய இடம். வண்டி ஒரு வாரம் படுத்தால் அந்த ஒப்பந்தமும் படுத்துவிடும் என்ற பயம் அவருக்கு எப்போதும் இருந்தது.

வண்டியோ கிழம். அதைச் செய்த கம்பெனியின் அசல் பாகங்கள் யானை விலை. ஆகவே சனிக்கிழமைகளில் நான் குடியிருந்த ஃபிளாட் புஷ்ஷிலிருந்து பாபடோயிட்டோய்க்கு, அவர் வீட்டு கராஜுக்குப் போவேன். தேய்ந்த பாகத்தைப் பெட்ரோல் துணியால் துடைத்தால் எங்காவது ஒரு எண் தெரியும். அந்த எண்ணை வைத்து, அதே பாகத்தை வேறு கம்பெனிகள் என்ன எண்ணில் விற்கின்றன என்று தேடுவேன். ஒரே பாகத்துக்கு ஏழெட்டு எண்கள் இருக்கும். எண் அழிந்திருந்தால் அளவெடுக்க வேண்டும். அதில் ஒரு முறை மூக்குடைபட்டேன். ஓடி ஓடி நீண்டுபோன பழைய பெல்ட்டை அளந்து, அந்த நீளத்துக்கே புதிது வரவழைத்துவிட்டேன். அது தொளதொளவென்று தொங்கியது. "பெல்ட்டோ, வேட்டி கட்டுற கயிறோ தம்பி?" என்று அண்ணன் ஒரு வாரம் கேலி செய்தார். அதற்குப் பிறகு நான் தவறவில்லை. பிளேடு, பேரிங், புல்லி, ஏர் ஃபில்டர் என்று நான் தேடிக் கொடுத்த ஒவ்வொன்றும் கச்சிதமாகப் பொருந்தியது. அண்ணி தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, "தம்பி இல்லாட்டி இவர் கடைக்காரரைத்தான் வாழ வைச்சிருப்பார்," என்பார். எனக்குத் தலை கால் புரியாது. கிடங்கில் என்னை யாரும் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிடுவதில்லை. அந்த கராஜில் நான் பெரிய ஆள்.

நாங்கள் பழகிய இரண்டாம் வருடம் நவம்பரில் வண்டி புதிதாக ஒரு வியாதியைக் காட்டியது. மேடு பள்ளத்தில் குலுங்கும்போதெல்லாம் பட்டென்று நின்றுவிடும். இரண்டு மணி நேரம் குடைந்து கண்டுபிடித்தேன். இருக்கைக்கு அடியில் கட்டைவிரல் பருமனில் ஒரு சுவிட்ச் இருக்கிறது. பிளேடு சுற்றும்போது ஓட்டுபவர் இருக்கையை விட்டு எழுந்தால், அதாவது விழுந்தாலும் சரி, அந்தச் சுவிட்ச் இன்ஜினை நிறுத்திவிடும். அதன் உள்ளே ஸ்பிரிங் செத்துப்போயிருந்தது. ஆள் உட்கார்ந்திருக்கும்போதே ஆள் இல்லை என்று நினைத்து வண்டி நின்றது.

கடையில் அந்தச் சுவிட்ச் அலமாரியிலேயே இருந்தது. எண்பத்து நான்கு டாலர். வெளிநாட்டிலிருந்து வருவது பத்தொன்பது டாலர், மூன்று வாரமாகும்.

"உதுக்கு ஏன் மூண்டு கிழமை பாத்துக்கொண்டு இருப்பான்?" என்றார் அண்ணன். "நாளைக்குக் கடையிலை வாங்கிப் போடுவம் தம்பி."

இதை நான் அழுத்திச் சொல்லியாக வேண்டும். அவர் வாங்கத் தயாராக இருந்தார். பர்ஸைக்கூட எடுத்துவிட்டார்.

"ஒரு பிளாஸ்டிக் துண்டுக்கு எண்பத்து நாலு டாலரா? பகல் கொள்ளைண்ணே. விடுங்க, அதுவரைக்கும் நான் ஒரு வழி பண்றேன்," என்றேன்.

நான் பண்ணிய வழி இரண்டங்குல ஒயர். சுவிட்சின் பிளக்கைக் கழற்றி, அதன் இரண்டு துளைகளிலும் ஒயரின் இரண்டு முனைகளைச் செருகி, கறுப்பு டேப்பைச் சுற்றினேன். இனி இருக்கையில் ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வண்டிக்கு ஒன்றுதான். கிளப்பிப் பார்த்தோம். குலுங்கக் குலுங்க ஓடியது.

"உது ஆபத்தில்லையோ?"

"மூணு வாரந்தானே. பிளேடை நிறுத்திட்டு எறங்குங்க, அவ்ளோதான்."

அவர் தலையாட்டினார். என் மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

இரண்டாவது வாரம் அது நடந்தது. கிறிஸ்துமஸுக்குக் குடும்பங்கள் வரும், சரிவெல்லாம் சுத்தமாக இருக்க வேண்டும் என்று குடியிருப்பின் மேலாளர் சொல்லியிருக்கிறார். முந்தின நாள் நல்ல மழை. மழைநீர்க் குட்டையை நோக்கி இறங்கும் கரையில் வெட்டிக்கொண்டிருந்தபோது பின் சக்கரம் வழுக்கி வண்டி பக்கவாட்டில் சரிந்திருக்கிறது. கவிழ்ந்துவிடுமோ என்று அண்ணன் மேல் பக்கமாகக் குதித்தார். ஈரப் புல்லில் கால் வாரிவிட, இடது கால் தகரப் பெட்டியின் விளிம்புக்கு அடியில் போய்விட்டது. அவர் இருக்கையை விட்டு எழுந்த நொடியில் நின்றிருக்க வேண்டிய இன்ஜின் நிற்கவில்லை. குடியிருப்பின் தாதி ஒருத்தி ஓடிவந்து துணியால் இறுக்கிக் கட்டியதால் உயிர் தப்பியது. மூன்று விரல்களும் பாதத்தின் ஓரமும் போயின.

அண்ணி கிடங்குக்கு போன் பண்ணினார். அப்போது நான் சரக்கு அடுக்கிய பேலட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தேன். "வெட்டிப்போட்டுது தம்பி" என்றுதான் முதலில் சொன்னார். எது, எங்கே என்று கேட்கக்கூட வேண்டியிருக்கவில்லை. 

மறுநாள் மருத்துவமனையில் அண்ணி காபி வாங்கக் கீழே போன நேரம் அண்ணன் என்னைக் கிட்ட கூப்பிட்டார். மருந்தின் மயக்கத்தில் கண் பாதிதான் திறந்திருந்தது.

"வேலைப் பாதுகாப்பு ஆக்கள் வந்து ஒயரைப் பற்றிக் கேட்டவை. நான்தான் கட்டினனான் எண்டு சொல்லிப்போட்டன். இவளுக்கும் அப்பிடித்தான் சொல்லியிருக்கு."

"அண்ணே..."

"உனக்கு இன்னும் பி.ஆர். வரேல்லை. ஆரும் கேட்டால் உனக்கு ஒண்டும் தெரியாது. நீ வாயைத் திறக்காதை."

நிரந்தர வசிப்புரிமைக்கு நாங்கள் விண்ணப்பித்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. ஒரு ஒயரால் அது கெடுமா என்று எனக்குத் தெரியாது. அண்ணனுக்கும் தெரியாது. வக்கீலைக் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. விசாவில் இருப்பவனுக்குப் போலீஸ் வண்டி பக்கத்தில் போனாலே தன்னைத் தேடித்தான் வருகிறது என்று தோன்றும். அந்தக் கட்டிலின் ஓரத்தில் நின்றபோது எனக்கு நன்றியோ துக்கமோ முதலில் வரவில்லை. அப்பாடா என்றுதான் இருந்தது. அதை நினைத்தால் இப்போதும் என்னை எனக்குப் பிடிக்கவில்லை.

அடுத்த வாரம் சுவிட்ச் வந்து சேர்ந்தது. சொன்ன தேதிக்கு நான்கு நாள் முன்னதாக. எண் சரி, அளவு சரி, பின்கள் சரி. குறை சொல்ல ஒன்றுமில்லாத பொருள். பொட்டலத்தோடு கொண்டுபோய்க் கிடங்குக் குப்பைத்தொட்டியில் போட்டேன்.

விசாரணை ஒரு எச்சரிக்கைக் கடிதத்தோடு முடிந்தது. ஒப்பந்தம் வேறொருவருக்குப் போனது. பாதுகாப்புச் சாதனத்தைத் தானே துண்டித்தவர் என்று எழுத்தில் இருக்கும் ஒரு ஆளை எந்த மேலாளர் திரும்பக் கூப்பிடுவார்? வீடுகளுக்காவது வெட்டலாம் என்று அண்ணன் ஒரு முறை முயன்று பார்த்தார். சமதளத்தில் நடக்கிற கால் சரிவில் நிற்க மறுத்தது. வண்டியை விற்றார். அரசாங்கத்தின் விபத்து உதவித்தொகை வந்ததால் சோற்றுக்குப் பஞ்சமில்லை. ஆனால் காலை ஏழு மணிக்கு ட்ரெய்லரைப் பூட்டிக்கொண்டு கிளம்பியவர், பகலெல்லாம் சோபாவில் உட்கார்ந்து ஊர்ச் செய்திகளை மாற்றி மாற்றிப் பார்த்தார். அண்ணி அவருக்கும் சேர்த்து இரண்டு ஷிஃப்ட் வேலைக்குப் போனார்.

நான் வாரம் தவறாமல் போனேன். மருத்துவமனைக்குக் கூட்டிப்போவது, கடைக்குப் போவது, வீட்டுப் புல்லை வெட்டுவது எல்லாம் செய்தேன். "கூடப்பிறந்தவனும் இப்பிடிச் செய்யான்" என்று அண்ணி சொல்லும்போதெல்லாம் தரையைப் பார்த்தேன். பி.ஆர். வரட்டும், வந்த அன்றே அண்ணியிடம் சொல்லிவிடுவேன் என்று எனக்கு நானே தவணை கொடுத்துக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்டில் வந்தது. அன்று சாயங்காலமே பாபடோயிட்டோயில் ஒரு பெட்டி லட்டு வாங்கிக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். வழியெல்லாம் சொல்ல வேண்டியதை ஒத்திகை பார்த்தேன். 'அண்ணி, அந்த ஒயரைக் கட்டினது நான்தான். அண்ணன் கடையிலேயே வாங்கலாம்னு சொன்னார், நான்தான் தடுத்தேன்.' இரண்டே வாக்கியம்.

சாப்பாட்டு மேசையில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். அண்ணி என் தலையைத் தொட்டு வாழ்த்தினார். அண்ணன் லட்டை எடுத்துக்கொண்டு, "சந்தோசம் தம்பி. இனி உனக்கு ஒரு பயமும் இல்லை," என்றார். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். அவரும் இந்த நாளுக்குத்தான் காத்திருந்தார் என்று அப்போது புரிந்தது.

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணி ஆரம்பித்துவிட்டார். அவருக்கு அன்று இரண்டாவது ஷிஃப்ட் முடிந்திருந்தது.

"இந்தப் பிள்ளையைப் பாருங்கோ, வந்து ரெண்டு மூண்டு வரியத்திலை எல்லாத்தையும் ஒழுங்காச் செய்திட்டுது. நீங்கள்? எண்பது டொலருக்குக் கஞ்சத்தனம் பிடிச்சுக் காலைக் குடுத்திட்டு இருக்கிறியள். ஒயர் கட்டினவராம் ஒயர். அறிவுள்ளவன் செய்யிற வேலையே அது?" பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்களும் கிழமைக்குக் கிழமை வந்து போனனீங்கள். ஒரு சொல்லுச் சொல்லித் தடுத்திருக்கலாமே தம்பி?"

அண்ணன் லட்டைக் கடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கெஞ்சுகிற பார்வை அது என்று இன்றைக்குச் சொல்வேன். கால்விரல்களை இழந்ததைவிட, கட்டிய மனைவியின் கண்ணில் கஞ்சனாகவும் முட்டாளாகவும் ஒன்பது மாதம் வாழ்ந்தது அவரை அதிகம் அறுத்திருக்கிறது.

இரண்டு வாக்கியங்களும் தயாராக இருந்தன.

"ஆமா அண்ணி," என்றேன். "நான் தடுத்திருக்கணும்."

"சீ, நீங்கள் என்ன செய்வியள்," என்று அண்ணி உடனே இறங்கி வந்தார். "இவர் ஆர் சொல்லைக் கேக்கிற ஆள்? நீங்கள் மனசைப் போட்டு வருத்தாதையுங்கோ." என் கையைத் தட்டிக்கொடுத்து, கோப்பையில் இன்னும் கொஞ்சம் தேநீர் ஊற்றினார்.

அண்ணன் லட்டைப் பெட்டிக்குள்ளேயே திரும்ப வைத்துவிட்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து உள்ளே போனார். நான் தேநீரைக் குடித்து முடித்தேன்.