மாட்டுச் சந்தையில் ரஷ்யக் கதை

காரிமங்கலத்தில் ஓர் உரக்கடையின் மாடியில் எங்கள் ரஷ்ய இலக்கிய நட்புறவுக் கழகம் இருந்தது. செயலாளர் கதை வாசிப்பார். நாங்கள் நாலைந்து பேர் கேட்போம். செயலாளர் ஒல்லியான மனிதர். எந்த வெயிலிலும், வாசிக்கும்போது மட்டும், ரஷ்ய விருந்தாளி ஒருவர் தந்த கம்பளிக் குல்லாவைப் போட்டுக்கொள்வார். வியர்வை மூக்கில் சொட்டும், துடைக்க மாட்டார்.

ரஷ்யா போரில் இறங்கிய செய்திகள் வந்த நாட்களில் உரக்கடை முதலாளி மேலே வந்தார். "அங்க குண்டு போடறாங்க. போர்டைக் கழட்டிடுங்க சார், நமக்கெதுக்கு வம்பு?"

"குண்டு போடறவங்கூட நான் எப்பங்க சிநேகம் வச்சேன்? கதை எழுதினவங்கூடத்தான வச்சேன்?" என்ற செயலாளர், தானே ஏறிக் கழகத்தின் பெயர்ப் பலகையைக் கழற்றினார்.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். அடுத்த சந்தையன்று அந்தப் பலகை, மாடு விற்கும் இடத்தில் ஒரு புளியமரத்தில் சாய்ந்திருந்தது. அதன் முன்னால் செயலாளர் குல்லாவோடு நின்று, பசுவை விற்கப் போகும் ஒரு ரஷ்ய விவசாயியின் கதையை உரக்க வாசித்துக்கொண்டிருந்தார். முதலாளி ஓடிவந்தார்.

"என்ன சார் இது?"

"கழட்டச் சொன்னீங்க, கழட்டிட்டேன். வாயை மூடச் சொல்ல நீங்க யாருங்க?"

கையில் கயிற்றோடு நின்ற மாட்டுக்காரர் ஒருவர் முதலாளியைக் கையமர்த்தினார். "சும்மா இருங்க. அவன் மாட்ட வித்தானா இல்லியான்னு தெரியணும்."

மாடியில் இத்தனை வருஷத்தில் எங்களில் ஒருவரும் அப்படிக் கேட்டதில்லை.