கோட்டுக்கு வெளியே ஆடிய வால்

இஸ்ரேலில், யூதர்கள் நிறைந்த ப்னே பிராக்கில் எங்கள் தெரு மீன்காரர் கெட்ஸலுக்குக் கை சுத்தம், வாய்தான் நீளம். "உங்க மாமியார் மூஞ்சி மாதிரியே ஒரு கெண்டை இருக்கு, வெட்டவா?" என்பார். மீன் நன்றாக இருக்கும் என்பதால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

பாதியில் விட்ட வேதப் படிப்பில் ஒரு சட்டம் மட்டும் அவரிடம் ஒட்டிக்கொண்டது. ஒளித்துத் திருடியவன் இரண்டு மடங்கு கட்டினால் போதும். நாலு பேர் முன்னால் ஒருவனை வாயால் தலைகுனிய வைத்தவனுக்கு அபராதமே கிடையாது. மறுவுலகில் இடமும் கிடையாது.

"மானத்த வாங்கறவனுக்கு அபராதமில்லயா? என்ன நியாயங்க இது?" என்று அவர் மனைவி ஷைண்டல் ஒருமுறை கேட்டாள்.

"இருந்தா கட்டிட்டு நிம்மதியா தூங்கிருவேனே. கட்டித் தீராததுக்கு எவ்வளவுன்னு போடுவாங்க?"

ஒரு வெள்ளிக்கிழமை, கடையில் கூட்டம். மனைவியை இழந்து பெண் பிள்ளைகளோடு தவிக்கும் லிப்பா மெல்ல வாசலுக்கு நகர்ந்தார். அவர் கோட்டுக்கு வெளியே ஒரு வால் நீட்டிக்கொண்டிருந்தது. ஆடவும் செய்தது. அவருடைய மூத்த மகளுக்கு வரன் பார்க்கும் தரகரம்மாவோ வரிசையில் நிற்கிறாள்!

கெட்ஸல் பார்த்துவிட்டார். வாயையும் திறந்துவிட்டார்.

இந்த மாதிரி நேரத்துக்கு எங்களிடம் ஒரு வார்த்தை உண்டு: ஹெஃப்கேர். சொந்தக்காரன் மூன்று பேர் கேட்க அதைச் சொல்லிவிட்டால், அந்தப் பொருள் யாருடையதும் இல்லை. எடுத்தவன் திருடனும் இல்லை. வாசலைத் தாண்டுவதற்குள் சொல்ல வேண்டும். ஆனால் எந்த மீன் என்று எப்படிக் காட்டுவது? பதற்றத்தில் மனிதர் கத்தினார்:

"என் மீனெல்லாம் ஹெஃப்கேர்!"

மொத்தக் கடையும் மீன் தொட்டிக்குள் கையை விட்டது. தரகரம்மாவின் அக்குளில் ஒரு கெண்டை துள்ளியது. நான் இரண்டு எடுத்தேன். சட்டத்தை மதிக்க வேண்டாமா?

"ஏங்க, புத்தி பெரண்டு போச்சா?" என்று ஷைண்டல் தலையில் கைவைத்தாள்.

வாசலில் லிப்பா சிவந்துபோய் நின்றார். எல்லோரிடமும் வால் ஆடும்போது அவருடையதை யார் பார்ப்பார்கள்?

"லிப்பா ஐயா, கேரட் போட்டுச் சமைங்க! இல்லன்னா பிள்ளைங்க தொடாதுங்க!" என்றார் கெட்ஸல்.

ஞாயிறு காலை ஒவ்வொருவராக வந்து, மனசு கேட்கவில்லை என்று முணுமுணுத்தபடி காசை வைத்துவிட்டுப் போனார்கள். நானும் வைத்தேன், ஒரு மீனுக்கு.

"லிப்பா மட்டும் வரலையே?" என்றாள் ஷைண்டல்.

"அவர் எதுக்கு வரணும்? நான் சொன்னத சரியா புரிஞ்சுக்கிட்டது அவர் ஒருத்தர்தான்" என்றார் கெட்ஸல், செதிலைச் சுரண்டிக்கொண்டே.