மூன்று நிமிட அச்சு

கிளினிக்கில் எல்லோரும் 'பல்செட் அக்கா' என்று கூப்பிடுகிறவள், அதற்கு முன் பதினோரு வருடம் தையல் ஆலையில் சட்டைகளுக்குப் பொத்தான் துளை போடும் காஜா மெஷினில் வேலை பார்த்தவள். அங்கே மேலாளர் அவளை ஒரு வாக்கியம்கூட முழுசாகப் பேச விட்டதில்லை. "வாய மூடு, வேலையப் பாரு." அம்மாவுக்கு முடியவில்லை என்று லீவு கேட்கப் போன அன்றும் அதேதான். அதன்பிறகு அம்மாவை அவள் உயிரோடு பார்க்கவில்லை.

அந்த மனிதர் இன்று பல்லெல்லாம் கொட்டிப்போய் அவள் முன்னால் நாற்காலியில் சாய்ந்து கிடந்தார். அவருக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. தலை முழு வழுக்கை. ஆனாலும் குடுமி அவள் கையில்.

அச்செடுக்கும் பசையைக் குழைத்துத் தட்டில் நிரப்பி, வாய்க்குள் வைத்து அழுத்தினாள்.

"மூணு நிமிஷம் அசையக்கூடாது சார், பேசவும் கூடாது. லீவு கேட்டு நின்னேனே, காஜா மெஷின்காரி, ஞாபகம் இருக்கா? அன்னைக்கு என்ன சொல்ல வந்தேன்னு இப்பச் சொல்றேன்."

அம்மாவின் இருமலிலிருந்து ஆரம்பித்தாள். அவர் கண் பிதுங்கியது.

நேரம் முடிந்ததும் தட்டை வெளியே எடுத்தாள். ஈறின் ஒவ்வொரு மேடுபள்ளமும் கச்சிதமாக விழுந்திருந்தது. அதைக் குப்பைக்கூடையில் போட்டாள்.

"எம்மா, அன்னைக்கு நான்..." என்று அவர் இழுத்தார்.

"அச்சு சரியா வரல சார். வாயத் திறங்க. அம்மா இன்னும் ஆஸ்பத்திரிக்கே போய்ச் சேரல."