வெதுவெதுப்பான சோற்றுக்கு ஆதாரம் தேடி

மாவட்ட நிருபர் வேலையில் யார் என்ன சொன்னார்கள் என்பது சுலபமாகக் கிடைத்துவிடும். சொன்னது சரிதானா என்று சொல்ல ஆள் கிடைப்பதுதான் பாடு. கள்ளக்குறிச்சியில் இந்தப் பாடு படுகிறவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

சமையல்காரர் கேட்ட கேள்வி

சங்கராபுரத்தில் விசேஷங்களுக்குச் சமைத்துக் கொடுக்கும் செல்வி ஒருநாள் அலுவலகத்துக்கு வந்தார். திருநாவலூர் பக்கம் ஒரு காதுகுத்தில் அவர் ஆக்கிய சோற்றைச் சாப்பிட்ட பலருக்கு வாந்தி. எல்லோரும் மறுநாளே தெளிந்துவிட்டார்கள். செல்வியின் பெயர் மட்டும் கெட்டது கெட்டதுதான். பேசி வைத்திருந்த விசேஷங்கள் ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போயின. தன் மேல் தப்பில்லை என்று பத்திரிகையில் எழுதச் சொன்னார். வெந்த சோறு எப்படிக் கெடும் என்று எழுதலாம், ஆனால் அறிவியல் ஆதாரம் வேண்டும் என்றேன்.

"இன்னா சார் ஆதாரம்? கொதிக்கிற ஒலையில எந்தக் கிருமி உயிரோட இருக்கும்?"

மூன்று சாட்சிகள்

இணையத்தில் தேடினேன். சூடு ஆறினால் சோறு கெடும் என்று மூன்று தளங்கள் ஒரே பதிலைச் சொல்லின. மூன்று சாட்சி போதுமே என்று எழுத உட்கார்ந்தேன். பிறகுதான் கவனித்தேன், மூன்றிலும் இருந்தது ஒரே பத்தி. முதலில் எழுதியவர் சூடு ஆறாத பாத்திரம் விற்பவர். உதவி ஆசிரியரிடம் காட்டினேன்.

"இது ஆதாரம் இல்ல சார், விளம்பரம். அதுக்குத் தனி ரேட் இருக்குது."

புத்தகத்தில் இருந்தது

கல்லூரியில் நுண்ணுயிரியல் நடத்தும் பேராசிரியரைப் பிடித்தேன். வாயால் சொன்னால் போதாது, அச்சில் வேண்டும் என்றதும் அலமாரியிலிருந்து பாடப்புத்தகத்தை இறக்கினார். அரிசியோடு வரும் ஒரு வகை பாக்டீரியா, விதைபோல ஓடு கட்டிக்கொண்டு கொதியையும் தாண்டிவிடுமாம். அறுபது டிகிரிக்கு மேல் சூடு இருந்தால் சும்மா கிடக்கும். வெதுவெதுப்பாக ஆறினால் முளைத்துப் பெருகி நஞ்சு கக்கும். மறுபடி சுட வைத்தாலும் அந்த நஞ்சு போகாது. இன்னொரு புத்தகத்திலும் அதுவே, வேறு சொற்களில் இருந்தது. இது காப்பி இல்லை என்று நிம்மதியாகக் கிளம்பினேன். வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

"எம்பேரு போட்டுடாதீங்க சார். எங்க வூட்ல மத்தியானம் வடிச்ச சோறுதான் ராத்திரிக்கும்."

மாமன் சீர்

அன்று சோறு எவ்வளவு நேரம் கிடந்தது? காதுகுத்து வீட்டுக்கே போனேன். தாய்மாமன் சீர் வந்து இறங்காமல் பந்தி போடக் கூடாது என்பது அந்தக் குடும்பத்து வழக்கம். மாமன், கல்வராயன் மலைமேல் உள்ள வெள்ளிமலையில் கடை வைத்திருப்பவர். அவர் ஏறிய மலை பஸ் வழியில் நின்றுவிட்டது. காலையில் வடித்த சோறு, வாழையிலை மூடிய அண்டாவில் பிற்பகல்வரை காத்திருந்தது. பந்தி போடலாமா என்று செல்வி கேட்டுப் பார்த்திருக்கிறார், விடவில்லை. குழந்தையின் அப்பா எதையும் மறைக்கவில்லை.

"மாமன் வராம எப்படிங்க எலை போடறது? அப்புறம் ஆயுசுக்கும் என் வூட்டு வாசப்படி மிதிப்பாரா?"

அச்சில் வந்தது

அன்றைய சோற்றை யாரும் பரிசோதனைக்கு எடுத்து வைக்கவில்லை. அண்டாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டார்கள். அதனால் காரணம் இதுதான் என்று நான் எழுதவில்லை. யார் ஆக்கிய சோறும் மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகக் கிடந்தால் இப்படி ஆகலாம் என்று, புத்தகத்தில் உள்ளபடி எழுதினேன். செல்வி அதை வெட்டி எடுத்துக்கொண்டு, தன்னை வேண்டாம் என்ற வீடுகளுக்கெல்லாம் போனார். ஒரு வீட்டில் மட்டும், அதுவும் ஒரு காதுகுத்துக்கு, மறுபடி ஒப்புக்கொண்டார்கள். போனில் சொன்னார்.

"மாமன் வந்து எறங்கினப்புறம்தான் அரிசிய ஒலையில போடுவேன்னு சொல்லிட்டேன் சார். அதுவரைக்கும் எல்லாரும் டீ குடிச்சிக்கினு இருக்கட்டும்."

பாக்டீரியாவுக்கு எந்தச் சூடு பிடிக்கும் என்பதற்கு இரண்டு புத்தகம் கிடைத்துவிட்டது. மலை பஸ் எத்தனை மணிக்கு வரும் என்பதற்குத்தான் நம்பகமான ஆதாரம் இன்னும் கிடைத்தபாடில்லை.