பின்சீட்டு இடது மூலை

காரின் பின்சீட்டில் இடது பக்கம் உட்கார்ந்து தலையை நிமிர்த்தினால், கூரைத் துணி வந்து முடியும் மூலை தெரியும். சாம்பல் நிறத் துணி. அந்த மூலையில் மட்டும் ஒரு விரல் அகலத்துக்குக் கறுத்திருக்கும். என் ஆள்காட்டி விரல் செய்த வேலை அது. இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, என் மனைவியிடம்கூட.

கார் என் மாமனாருடையது. நாரணாபுரத்தில் சின்னதாக ஒரு பட்டாசுக் கம்பெனி வைத்திருந்தார். உள்ளே வண்டி போகக் கூடாது என்பதால் கேட்டுக்கு வெளியே, ஒரு மரமும் இல்லாத பொட்டலில், காலையிலிருந்து சாயங்காலம் வரை கார் வெயிலில் கிடக்கும். பத்து வருடம் அப்படிக் காய்ந்ததில் உள்கூரைத் துணி பிடிப்பு விட்டுத் தொட்டில் மாதிரி தொங்க ஆரம்பித்தது. மாமா ஒரு கையால் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே மறு கையால் ஓட்டுவார். பக்கத்தில் முன்சீட்டில் நான் இருப்பேன். அந்த வீட்டுக்கு மூத்த மாப்பிள்ளை நான்தான். கோயிலோ கல்யாணமோ, முன்சீட்டு எனக்கு. என் மனைவியின் தங்கையைக் கட்டிய சகலை, பின்னால் பெண்களோடும் பிள்ளைகளோடும் நெருக்கிக்கொண்டு வருவார். யாரும் போட்ட சட்டமில்லை. ஆனால் எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது.

நான் சிவகாசியில் பிரஸ் வைத்திருக்கிறேன். காலண்டர், பட்டாசுப் பெட்டி லேபிள், நோட்டு அட்டை என்று இருபது வருடமாகப் பசையோடு புழங்குகிறவன். “இதுக்குப் போயி வெளியாள் எதுக்கு மாமா, நான் பாத்துக்கிடுறேன்” என்று பைண்டிங் பசையைத் துணிக்குள் விட்டு, ரப்பர் உருளையால் தேய்த்து, ஒரு மணி நேரத்தில் ஒட்டிக் கொடுத்தேன். பதினைந்தாம் நாள், விருதுநகருக்குக் கல்யாணத்துக்குப் போகிற வழியில், பசையும் மஞ்சள் நிறத் தூளுமாக மொத்தத் துணியும் மாமாவின் தலையில் இறங்கியது. மண்டப வாசலில் நின்று சட்டையைத் தட்டிவிட்டபடியே, “பெரிய மாப்ளை, காலண்டரு ஒட்டுற மாதிரி ஒட்டிட்டீக போல” என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார். சகலை சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

சகலை ஆலங்குளம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். பசைக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம்? ஆனாலும் விருதுநகரில் சீட் கவர் தைக்கிற கடையில் நாலு சாயங்காலம் நின்று பார்த்துவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா வீட்டு வாசலில் காரைத் திறந்து போட்டு உட்கார்ந்துவிட்டார். உள்விளக்கு, கைப்பிடி எல்லாவற்றையும் கழற்றி, எந்தத் திருகு எங்கே உள்ளது என்று காலித் தீப்பெட்டிகளில் எழுதிப் போட்டு வைத்தார். கூரை அட்டையை முழுசாக வெளியே எடுத்த பிறகுதான் எனக்கே விஷயம் தெரிந்தது. துணிக்கும் அட்டைக்கும் நடுவில் இருந்த மெல்லிய ஸ்பாஞ்சு வெயிலில் மக்கித் தூளாகிப் போயிருக்கிறது. நான் அந்தத் தூளின் மேல் பசை தடவியிருக்கிறேன். “இந்தத் தூளு இருக்கிற வரைக்கும் யாரு ஒட்டுனாலும் நிக்காது அண்ணாச்சி” என்றார், எனக்கு ஆறுதலாக. அந்த ஆறுதல்தான் எனக்கு வயிற்றெரிச்சலைக் கிளப்பியது. அரை நாள் தேய்த்துத் தூளை எடுத்தார். அட்டையிலும் புதுத் துணியிலும் பசை அடித்துவிட்டு, விரலில் ஒட்டாத பதம் வரும்வரை சும்மா உட்கார்ந்திருந்தார். நடுவிலிருந்து ஓரத்துக்கு உள்ளங்கையால் நீவி ஒட்டினார். ஒரு சுருக்கம் இல்லை. நான் நாற்காலியில் உட்கார்ந்து, எங்காவது ஒன்று எழும்பாதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அடுத்த வாரம் இருக்கன்குடிக்குக் கிளம்பியபோது மாமா, “சின்ன மாப்ளை, நீங்க முன்னால வாங்க. சத்தம் எதுவும் கேக்குதான்னு பாப்போம்” என்றார். ஒரு நாளைக்குத்தான் என்று நினைத்தேன். பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. பின்சீட்டு இடது மூலை எனக்கு வந்தது. முன்னால் இருவரும் எதையாவது பேசிச் சிரிக்கும்போதெல்லாம் என் விரல் மேலே போகும். நகத்தை நுழைத்து ஒரு நூல் அளவு நெம்புவேன். அடுத்த தடவை ஏறும்போது மூலை படிந்து ஒட்டியிருக்கும். மறுபடி நெம்புவேன். நாலு வருடம். ஐம்பதைத் தொட்ட மனிதன் செய்கிற காரியமா என்று கேட்டால், இல்லைதான். ஆனால் செய்தேன், செய்தபோது நிம்மதியாகவும் இருந்தது.

போன தை மாதம் மாமா, கண் சரியில்லை, இனிமேல் ஓட்ட முடியாது என்று சொல்லி, காரை மூத்த மாப்பிள்ளை வீட்டுக்கே கொடுத்துவிடச் சொன்னார். சகலைதான் ஓட்டிக்கொண்டு வந்து என் வீட்டு வாசலில் நிறுத்தினார். கழுவி, காற்றுப் பிடித்து, பளிச்சென்று இருந்தது. ஜெயித்துவிட்ட மாதிரி இருந்தது எனக்கு. சாவியைக் கையில் கொடுத்துவிட்டு, பின்பக்கக் கண்ணாடி வழியாக உள்ளே ஒரு பார்வை பார்த்தவர், மெதுவாகச் சொன்னார்: “அந்த மூலையில மட்டும் நகம் படாமப் பாத்துக்கிடுங்க அண்ணாச்சி.” முகத்தில் கேலி இல்லை. காபி குடித்துவிட்டு பஸ் ஏறிப் போய்விட்டார். நாலு வருடமும் அவருக்குத் தெரிந்திருக்கிறது. மாமாவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை, சத்தமில்லாமல் ஒட்டி ஒட்டி வைத்திருக்கிறார். நானாக இருந்தால் அன்றைக்கே ஊருக்கெல்லாம் சொல்லியிருப்பேன். அவர் கைவேலையைப் பார்த்துப் பொறாமைப்பட்டது போக, இப்போது அவர் வாயடக்கத்தைப் பார்த்தும் பொறாமைப்பட வேண்டியிருக்கிறது.

இந்தச் சித்திரை வெயிலில் அந்த மூலை தானாகவே விட்டுவிட்டது. உள்ளங்கை அகலத்துக்குத் தொங்குகிறது. “தங்கச்சி வீட்டுக்காரருக்கு ஒரு போனப் போடுங்க, வந்து பாத்துக் குடுப்பாக” என்கிறாள் மனைவி. போனைக் கையில் வைத்துக்கொண்டு, பின்சீட்டில் இடது பக்கம் உட்கார்ந்திருக்கிறேன். கூப்பிட்டால் அவர் வருவார், எதுவும் கேட்காமல் ஒட்டித் தருவார். அதுதான் கஷ்டம். சத்தியமாக இந்தத் தடவை நான் கை வைக்கவில்லை. அதை அவரிடம் எப்படிச் சொல்வது?